இலங்கை 1996–2006: கொழும்பு நேரம் என்ற ஒரே பதிவு போதுமா?

ஓமந்தைக்காரன்:
நேற்று வேறொரு இழையில் நேரவரி எழுதியது இது: “உலக நேர மண்டலத் தரவுத்தளத்தில் இலங்கைக்கு ஆசியா/கொழும்பு என்ற ஒரே பதிவு போதும், முழு நாடும் அந்த நேரத்தில்தான் ஓடியது.” அந்தத் தரவுத்தளம் என்பது எந்த இடத்தில் எந்தக் காலத்தில் மணிக்கூடு என்ன காட்டியது என்று கணினிகள் பார்த்துக்கொள்ளும் பட்டியல். முழு நாடுமா? யாரைக் கேட்டு எழுதினீர்கள்? மின்சாரத் தட்டுப்பாடு என்று 1996 மே 25-இல் அரசு மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியது, கிரீன்விச்சை விட ஆறரை மணி நேரம் முன்னால். அக்டோபர் 26-இல் அரை மணி குறைத்து ஆறு ஆக்கினார்கள். 2006 ஏப்ரல் 15-இல்தான் திரும்ப ஐந்தரை. இந்தப் பத்து வருடமும் வடக்கே புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் யாரும் மணிக்கூட்டைத் தொடவில்லை, ஐந்தரை ஐந்தரையாகவே இருந்தது. 2002-இல் வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை திறந்த பிறகு போய்வந்த எவரையும் கேளுங்கள். ஓமந்தையில் இராணுவச் சோதனைச்சாவடியில் மணி பத்து என்றால், இரு தரப்புக்கும் இடையிலான சூனியப் பிரதேசத்தைத் தாண்டி புலிகளின் புளியங்குளம் பக்கம் போனதும் பத்து ஆகியிருக்காது. “புதுநேரமா பழையநேரமா” என்று கேட்காமல் யாரும் யாரையும் சந்திக்கப் போனதில்லை.

நேரவரி:
உணர்ச்சி புரிகிறது. ஆனால் தரவு என்பது வேறு. அரசிதழில் வந்த நேரம்தான் ஒரு நாட்டின் நேரம். ஆயுதக் குழு பிடித்து வைத்திருந்த இடத்துக்கெல்லாம் தனிப் பதிவு கொடுத்தால் தரவுத்தளம் போர் வரைபடமாகிவிடும். நான் பதினைந்து வருடமாக வங்கி மென்பொருளில் நேரக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவன், கொஞ்சம் தெரிந்துதான் பேசுகிறேன்.

ஓமந்தைக்காரன்:
அரசிதழா? ஆஸ்திரேலியாவில் யூக்லா என்று ஓர் ஊர், நெடுஞ்சாலையோரச் சில குடியிருப்புகள். அவர்கள் கிரீன்விச்சை விட எட்டே முக்கால் மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்கிறார்கள். எந்தச் சட்டத்திலும் அது இல்லை. ஆனால் ஆஸ்திரேலியா/யூக்லா என்று பதிவு இருக்கிறது. சீன அரசு நாடு முழுக்க பெய்ஜிங் நேரம் என்கிறது, சிஞ்சியாங்கில் உய்குர் மக்கள் அதற்கு இரண்டு மணி நேரம் பின்னால் வைத்து வாழ்கிறார்கள். ஆசியா/உரும்சி என்று அதற்கும் பதிவு இருக்கிறது. சாலையோர யூக்லாவுக்குக் கிடைத்தது வன்னிக்கு ஏன் கிடைக்காது? 1970-க்குப் பிறகு ஒரு பகுதியின் மணிக்கூடு வேறாக ஓடினால் தனிப் பதிவு என்பது அவர்களே வைத்த விதி.

மணிக்கூடு77:
இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 1942 ஜனவரியில் இலங்கையில் அரை மணி, செப்டம்பரில் இன்னொரு அரை மணி கூட்டினார்கள். அது 1945 அக்டோபர் வரை பகல் சேமிப்பு நேரம், அதாவது தற்காலிகமாகக் கூட்டிவைத்த நேரம், என்றே பதிவாகியிருக்கிறது. 1996-இல் செய்ததும் மின்சாரம் சேமிக்கத்தானே? அதை மட்டும் ஏன் நிரந்தர நேர மாற்றம் என்று போட்டார்கள்? முதலில் இதைத் திருத்தச் சொல்லுங்கள்.

ஓமந்தைக்காரன்:
அண்ணை, அதற்கு வேறு இழை தொடங்குங்கள். இங்கே பேச்சு வன்னி.

நேரவரி:
சரி, விதிக்கே வருகிறேன். வன்னிக்குப் பதிவு வைத்தால் என்ன ஊரின் பேரில் வைப்பீர்கள்? கிளிநொச்சியா? 1996 செப்டம்பரில் அது இராணுவத்தின் கைக்குப் போய், 1998 செப்டம்பரில்தான் புலிகளிடம் திரும்பியது. அப்படியென்றால் அந்த ஊருக்கு ஆறரை, ஆறு, ஐந்தரை என்று வேறொரு வரலாறு. முல்லைத்தீவு? அங்கே 1996 ஜூலை வரை இராணுவ முகாம். எல்லைக்கோடு மாதாமாதம் நகர்ந்தது. அப்புறம், உங்கள் கச்சேரிகளுக்கும் (மாவட்ட அரசு அலுவலகங்கள்) பள்ளிக்கூடங்களுக்கும் சம்பளம் கொழும்பிலிருந்துதான் வந்தது.

ஓமந்தைக்காரன்:
புதுக்குடியிருப்பு. எழுதிக்கொள்ளுங்கள், புதுக்குடியிருப்பு. 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை ஒரு நாள்கூட அங்கே இராணுவம் கால் வைக்கவில்லை. கிளிநொச்சி நகர்ந்தது, முல்லைத்தீவு நகர்ந்தது என்று நகராத ஊரை மறைக்க வேண்டாம். சம்பளம் எங்கிருந்து வந்தது என்பதா கேள்வி? மணிக்கூடு என்ன காட்டியது என்பதே கேள்வி. ஈழத்து ஊர்ப்பெயர்ப் பட்டியல் விவாதத்திலும் இவர் இப்படித்தான், பட்டியல் நீளும், நீண்டால் பராமரிக்க முடியாது என்று சொல்லியே இருபது ஊரை வெட்டினார். அதை நான் மறக்கவில்லை.

நேரவரி:
அந்த விவாதத்தை இங்கே இழுப்பது நாகரிகமில்லை. வெட்டியது நான் மட்டும் அல்ல. 2023 மார்ச்சில் லெபனானில் என்ன நடந்தது தெரியுமா? பகல் சேமிப்பு நேரத்தை ரமலான் முடியும்வரை அரசு தள்ளிவைத்தது, மரோனைட் திருச்சபை ஏற்கவில்லை, சில நாட்கள் ஒரே ஊரில் இரண்டு நேரம். தரவுத்தளக்காரர்கள் அவசரமாக 2023பி பதிப்பை வெளியிட்டு, அரசு பின்வாங்கியதும் 2023சி-யில் அதைத் திரும்பப் பெற்றார்கள். லெபனானுக்கு இரண்டு பதிவு வந்ததா? வரவில்லை.

ஓமந்தைக்காரன்:
நாலு நாளையும் பத்து வருடத்தையும் ஒரே தராசில் வைக்கிறீர்கள்.

திருக்கணிதன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு இது அன்றாடப் பிரச்சினை. 1999-இல் வன்னியில் பிறந்த பிள்ளைக்கு ஜாதகம் கணிக்கச் சொல்லி வருகிறார்கள். மருத்துவிச்சி எழுதிக் கொடுத்தது பழையநேரம். மென்பொருளில் இலங்கை என்று கொடுத்தால் அது கிரீன்விச்சை விட ஆறு மணி நேரம் முன்னால் என்று எடுத்துக்கொள்கிறது. அரை மணி என்றால் ஏழரை பாகை. லக்னம் ராசி எல்லைக்குப் பக்கத்தில் இருந்தால் லக்னமே மாறும். லக்னம் மாறாமல் தப்பினாலும் நவாம்சம் (ராசியின் ஒன்பதில் ஒரு பங்கு) மாறாமல் தப்பாது, அது பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாறுவது, இரண்டு கட்டம் தள்ளிப் போய்விடும். கல்யாணப் பொருத்தமே வேறாகிறது.

நேரவரி:
சோதிடத்துக்காகத் தரவுத்தளத்தை மாற்றச் சொல்கிறீர்களா? இதுதான் பாக்கி இருந்தது.

திருக்கணிதன்:
கேலி வேண்டாம் தம்பி. 2011-இல் இதே தரவுத்தளத்தை நடத்திய ஆர்தர் டேவிட் ஓல்சன் மேலும் பால் எகர்ட் மேலும் வழக்குப் போட்டது ஆஸ்ட்ரோலேப் என்ற சோதிட மென்பொருள் நிறுவனம். தங்கள் நூலில் இருந்த பழைய நேர விவரங்களை எடுத்தாண்டார்கள் என்பது புகார். 2012-இல் வாபஸ் வாங்கினார்கள். பழைய நேரங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர்களில் சோதிடர்களும் உண்டு. உங்கள் வங்கிக்கு நேற்றைய நேரம் போதும், எங்களுக்கு அறுபது வருடத்துக்கு முந்தைய நேரமும் வேண்டும்.

மணிக்கூடு77:
அறுபது என்ன, எண்பது வருடத்துக்கு முந்தைய 1942-ஐப் பற்றித்தான் நான் கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. ஒரே காரணத்துக்காகச் செய்த இரண்டு மாற்றத்துக்கு இரண்டு விதமான பதிவு. இது பிழை.

நேரவரி:
பிழை இல்லை. 1996-இல் செய்தது பத்து வருடம் நீடித்தது.

மணிக்கூடு77:
நீடிக்கும் என்று 1996 மே மாதத்தில் யாருக்குத் தெரியும்?

ஓமந்தைக்காரன்:
திருக்கணிதன் ஐயா சொன்னதைப் படித்துவிட்டும் “போதும்” என்று எழுத மனம் வருகிறதா? வன்னியில் பிறந்தவர்கள், இறந்தவர்கள், நீதிமன்றத்துக்குப் போனவர்கள், வைப்பகத்தில் காசு போட்டவர்கள், எல்லாரும் அந்த நேரத்தில்தான் வாழ்ந்தார்கள். யாருடைய ஆட்சி சரி என்று நான் தரவுத்தளத்திடம் தீர்ப்புக் கேட்கவில்லை. சுவரில் தொங்கிய மணிக்கூடு காட்டியதை எழுதச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டு கொழும்பில் நண்பகல் பன்னிரண்டு அடித்தபோது புதுக்குடியிருப்பில் மணி என்ன? பதினொன்றரை. இதை ஒரு தடவை எழுதுங்கள் பார்ப்போம்.

நேரவரி:
அரசிதழ்ப்படி பன்னிரண்டு.

ஓமந்தைக்காரன்:
பதினொன்றரை.