வேர்ட்பிரஸ் செட்டப்பை நான் முடிக்கவே இல்லை, ஆனால் யாரோ முடித்து வைத்திருக்கிறார்கள்

தோட்டத்துப்பையன்:
வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் கோயிலுக்கு ஒரு வெப்சைட் போட்டுத் தரச் சொன்னார் பொருளாளர் மாமா. தனி ஹோஸ்டிங்குக்கு எதற்குக் காசு, என் கேட்டரிங் சைட் இருக்கிற கணக்கிலேயே போட்டுக்கொள் என்றார். வெள்ளிக்கிழமை ராத்திரி வெப்சைட் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸின் ஃபைல்களை ஏற்றினேன், பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழ் தானாக வந்தது, மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பக்கம் வந்ததும் மீதியைக் காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிட்டேன். சனி ஞாயிறு முழுக்கக் கோயிலில் பந்தல் வேலை. இன்றைக்குத் திறந்தால் அந்தப் பக்கம் இல்லை, பாஸ்வேர்டு கேட்கிறது! நான் இன்னும் டேட்டாபேஸே உருவாக்கவில்லை. முகவரியை மாமாவிடம்கூடச் சொல்லவில்லை. டேட்டாபேஸ் விவரம் இருக்கும் கான்ஃபிக் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தால் போதுமா?

நைட்ஷிஃப்ட்:
அழிக்காதே தம்பி. அந்த ஃபைலைத் திறந்து டேட்டாபேஸ் எந்த செர்வரில் என்று சொல்லும் டிபி ஹோஸ்ட் வரியில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்.

தோட்டத்துப்பையன்:
லோக்கல்ஹோஸ்ட், அதாவது இதே செர்வர், என்று இல்லை அண்ணே. ஏதோ ஐபி எண் இருக்கிறது. என் ஹோஸ்டிங்கின் எண்ணும் இல்லை.

நைட்ஷிஃப்ட்:
நினைத்தேன். கான்ஃபிக் ஃபைல் இல்லாத வேர்ட்பிரஸ், யார் வந்தாலும் டேட்டாபேஸ் எங்கே என்று கேட்கும். அது உன் செர்வரில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, வந்தவன் தன்னுடைய செர்வரைக் காட்டினாலும் ஏற்றுக்கொள்ளும். அவன் உன் டேட்டாபேஸை உடைக்கவே வேண்டாம், தன்னுடையதில் தன்னையே அட்மின் ஆக்கிக்கொள்வான். அட்மின் ஆனவன் பிளகின் என்ற கூடுதல் நிரலை ஏற்றலாம். பிளகின் என்பது செர்வரில் ஓடும் பிஎச்பி கோடு, ஓடுவதோ உன் கணக்கில். அதாவது மாமாவின் கேட்டரிங் சைட்டும் அவன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. சைட்டில் நன்கொடைக்குப் பணம் அனுப்பும் டூயிட்நவ் கியூஆர் போட்டிருந்தால் அந்தப் படத்தை மாற்றிவைக்க எவ்வளவு நேரம் ஆகும்?

பழையமண்டோர்:
யாரிடமும் சொல்லவில்லை என்கிறாய், எஸ்எஸ்எல் சொல்லிவிட்டதே! சான்றிதழ் கொடுத்ததும் டொமைன் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், யாரும் பார்க்கலாம். இதைப் பார்த்து, பாதியில் நிற்கும் வேர்ட்பிரஸ், அதே மாதிரியான ஜூம்லாவையெல்லாம் எப்படிப் பிடிக்கலாம் என்று பாதுகாப்பு ஆய்வாளர் ஹன்னோ போக் 2017 டெஃப்கான் ஹேக்கர் மாநாட்டிலேயே காட்டினார். ஜூம்லா அதே ஆண்டு 3.7.4 பதிப்பில் ஒரு பூட்டுப் போட்டது. டேட்டாபேஸ் வெளியில் இருந்தால், இன்ஸ்டாலேஷன் ஃபோல்டரில் இருக்கும் ஒரு ஃபைலை அழித்துக் காட்டச் சொல்லும், கணக்குக்கு உள்ளே நுழைய முடிந்தவனால்தானே அழிக்க முடியும். நம் பையன் கையில் இருப்பதோ அந்தப் பூட்டு இல்லாத வேர்ட்பிரஸ்.

மழைக்காலம்:
சிம்பிள், செட்டப்பை நடத்தும் இன்ஸ்டால் பிஎச்பி ஃபைலை டிலீட் பண்ணிவிட்டால் முடிந்தது.

நைட்ஷிஃப்ட்:
இல்லைங்க. செட்டப் முடிந்தபின் அந்தப் பக்கம் ஏற்கெனவே நிறுவியாச்சு என்று சொல்லிவிட்டு நின்றுவிடும், அதனால் ஆபத்து இல்லை. கான்ஃபிக் இல்லாத அந்த இடைவெளிதான் பிரச்சினை. தம்பி, உன் கணக்கில் வெள்ளி ராத்திரிக்குப் பிறகு மாறிய ஃபைல்களைத் தேதிவாரியாகப் பார். கேட்டரிங் ஃபோல்டரையும் சேர்த்து. ஹோஸ்டிங் ஆட்களிடம் யார் எப்போது வந்தார்கள் என்று காட்டும் ஆக்சஸ் லாக் கேள், அழிந்து போகும் முன்னே. அந்த சைட்டை இப்போதே நிறுத்தச் சொல்.

தோட்டத்துப்பையன்:
பார்த்தேன் அண்ணே. பிளகின் ஃபோல்டரில் நான் போடாத ஒன்று, சனி விடியற்காலை 3.40. கேட்டரிங் சைட்டின் படங்கள் ஃபோல்டரிலும் ஒரு பிஎச்பி ஃபைல், அதே காலையில். படங்களுக்கு நடுவே பிஎச்பிக்கு என்ன வேலை!

நைட்ஷிஃப்ட்:
அப்படியென்றால் சுத்தம் செய்து பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. வெள்ளிக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து கேட்டரிங் சைட்டை மீட்டு, எல்லா பாஸ்வேர்டையும் மாற்று, டேட்டாபேஸ் பாஸ்வேர்டையும் மெயிலையும் விடாதே. கோயில் சைட்டை வேறு கணக்கில் புதிதாகப் போடு. முதலில் ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு, அப்புறம் ஃபைல் ஏற்று, ஒரே மூச்சில் செட்டப்பை முடித்த பிறகு திற. பாதியில் தூங்கப் போகாதே.

தோட்டத்துப்பையன்:
பேக்கப் இருக்கிறது, வியாழக்கிழமை எடுத்தது. மாமாவிடம் சொல்லப் போகிறேன், ஒட்டுக்கடையில் தே தாரிக் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும்.