எலியின் மன அழுத்தத்தை அளக்க எதை நம்புவது: ரத்தத்தையா, நடத்தையையா?

உடலியல்காரன்
முதுநிலை ஆய்வறிக்கை ஒன்று படித்தேன். எலிகளை அரை மணி நேரம் குறுகலான குழாயில் அடைத்து, வெளியே எடுத்ததும் வால் நுனியில் கீறி ரத்தம் எடுத்திருக்கிறார்கள். அழுத்தம் வந்தால் ஏறும் ஹார்மோனான கார்டிகோஸ்டீரோன் எகிறிக் கிடக்கிறது. ஆனால் கூட்டல்குறி மேடையில் (இரண்டு கை திறந்தும் இரண்டு கை சுவர் வைத்து மூடியும் இருக்கும் உயரமான மேடை; பயந்த எலி திறந்த கைக்குப் போகத் தயங்கும்) விட்டபோது, அடைபடாத எலிகளுக்கும் இவற்றுக்கும் வித்தியாசமே இல்லை. நடத்தைச் சோதனைதான் சொதப்பிவிட்டது என்கிறார் மாணவர். எனக்கும் அப்படித்தான் படுகிறது. மூளையில் ஹைபோதலாமஸ் தூண்டுகிறது, பிட்யூட்டரி சுரப்பி ஏசிடிஎச் என்ற ஹார்மோனை விடுகிறது, அது போய்ச் சேர்ந்ததும் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி கார்டிகோஸ்டீரோனைச் சுரக்கிறது. எலி எந்தப் பக்கம் திரும்பியது என்பதைவிட அந்த அளவை நம்பலாம்.

இரவாடி
அளவை நம்புங்கள், யார் வேண்டாம் என்றது? அது எதைச் சொல்கிறது என்பதில்தான் தகராறு. ஆண் எலியைப் பெண் எலியோடு சேரவிட்டாலும் அந்த ஹார்மோன் ஏறும். சக்கரத்தில் ஓடினாலும் ஏறும். ஒன்றும் செய்யாமல் விட்டால்கூட, விளக்கணைகிற நேரத்தை ஒட்டித் தானாகவே உச்சத்துக்குப் போகும். இரவில் நடமாடுகிற பிராணி அல்லவா. உடல் எதற்கோ தயாராகிறது என்பதைத் தாண்டி அந்த எண்ணிலிருந்து என்ன தெரியும்?

உடலியல்காரன்
எல்லாவற்றையும் காலையில்தான் செய்திருக்கிறார்கள், அதனால் விளக்கணைகிற கதை இங்கே எடுபடாது. 1936-ல் அழுத்த ஆய்வின் முன்னோடி ஹான்ஸ் செலியே எலிகளைக் குளிரில் வைத்தார், காயப்படுத்தினார், மருந்தேற்றினார். எதைச் செய்தாலும் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பி சுருங்கியது, இரைப்பையில் புண் வந்தது. மேடையையும் தொட்டியையும் வைத்தா கண்டுபிடித்தார்? நடத்தையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1977-ல் போர்சோல்ட் கொண்டுவந்த நீச்சல் சோதனையே போதும். வெளியேற முடியாத தண்ணீர்த் தொட்டியில் விட்ட எலி அசையாமல் மிதந்தால் நம்பிக்கை இழந்துவிட்டது என்றார்கள். தப்பிக்க வழியில்லை என்று கற்றுக்கொண்டு பலத்தை மிச்சம் பிடிக்கிறது என்று இன்னொரு தரப்பு. சண்டை இன்னும் ஓயவில்லை.

இரவாடி
அது நடத்தையின் குற்றமில்லை, பார்க்கிறவர்களின் அவசரம். திறந்த கையில் எத்தனை விநாடி நின்றது என்று மட்டும் எண்ணினால் பாதிதான் கிடைக்கும். பயந்த எலி என்ன செய்யும் தெரியுமா? பின்னங்கால்களை மூடிய பக்கத்திலேயே ஊன்றிக்கொண்டு, வயிறு தரையில் பட உடம்பை நீட்டி மோந்து பார்த்துவிட்டுச் சட்டென்று பின்வாங்கும். விநாடிக் கணக்கில் இது வரவே வராது. அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரியாவது உண்டா?

உடலியல்காரன்
இல்லை.

கணக்குப்பிள்ளை
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேரும் கடிகாரத்தை மறந்துவிட்டீர்கள். அட்ரினலின் விநாடிகளில் பாய்ந்துவிடும். கார்டிகோஸ்டீரோன் ரத்தத்தில் தெரியவே சில நிமிடம் ஆகும். கால் மணியிலிருந்து அரை மணிக்குள் உச்சம் தொடும், பிறகு ஓரிரு மணி நேரத்தில் இறங்கும். 1998-ல் டி கெர்வெய்ன், ரூசெண்டால், மெக்காக் மூவரும் நீர்த்தொட்டியில் ஏறி நிற்கத் தண்ணீருக்கடியில் ஒளித்துவைத்த சிறு திட்டு இருக்கும் இடத்தை எலிகளுக்குப் பழக்கிவிட்டு, நினைவுச் சோதனைக்கு முன்னால் காலில் மின்னதிர்ச்சி கொடுத்தார்கள். அரை மணிக்கு முன் கொடுத்தால் எலி தடுமாறியது. 2 நிமிடத்துக்கு முன்போ 4 மணி நேரத்துக்கு முன்போ கொடுத்தால் தடுமாறவில்லை. அதே பயிற்சி, அதே அதிர்ச்சி.

உடலியல்காரன்
முழுசாகச் சொல்லுங்கள். கார்டிகோஸ்டீரோன் உண்டாவதைத் தடுக்கும் மெடிரபோன் கொடுத்தபோது அந்தத் தடுமாற்றமும் வரவில்லை. அப்படியானால் காரணம் ஹார்மோன்தானே?

இரவாடி
காரணம் ஹார்மோன், சரி. எலி மறந்தது எப்படித் தெரிந்தது? தண்ணீரில் விட்டுப் பார்த்ததால். வெறும் ரத்தத்தில் மறதி தெரியாது. இன்னொன்று: இதே ஹார்மோன் பாடம் படித்த கையோடு ஏறினால், மூளையில் உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா வழியாக நினைவை உறுதியாக்கவும் செய்யும். அளவு ஒன்று, விளைவு இரண்டு.

கணக்குப்பிள்ளை
எனக்கு ஒரு சந்தேகம். அடைபடாத எலிகளுக்கும் ரத்தம் எடுத்துவிட்டுத்தான் மேடையில் விட்டார்களா?

உடலியல்காரன்
ஆமாம். இரண்டு கூட்டத்துக்கும் ஒரே முறை. கையில் எடுத்த 3 நிமிடத்துக்குள் எடுத்திருக்கிறார்கள், அதனால் அடிப்படை அளவு சுத்தமாக இருக்கிறது.

கணக்குப்பிள்ளை
ரத்தம் சுத்தம்தான், எலி சுத்தமில்லை. பிடித்ததும் வாலைக் கீறியதும் அதற்கும் அழுத்தம்தானே. ஹார்மோன் ஏற நேரமில்லாததால் அப்போது எடுத்த ரத்தத்தில் அது தெரியவில்லை, அவ்வளவுதான். மேடையில் நிற்கும்போது அதன் உடம்பிலும் ஏறிக்கொண்டிருக்கும். அப்புறம் வித்தியாசம் எங்கிருந்து வரும்?

இரவாடி
இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்! 2014-ல் வந்த ஆய்வு நினைவிருக்கிறதா? ஆண் ஆய்வாளரின் உடல்வாடை பட்டதற்கே எலிகளுக்கு அழுத்தம் ஏறி வலியுணர்வு மங்கியது. வாலைக் கீறினால் கேட்க வேண்டுமா?

உடலியல்காரன்
அதற்காக ரத்தத்துக்கு ஒரு கூட்டம், மேடைக்கு ஒரு கூட்டம் என்று பிரித்தால் எலிகள் இரண்டு மடங்கு வேண்டும். விலங்கு நெறிக் குழு லேசில் விடாது.

கணக்குப்பிள்ளை
மேடைச் சோதனையை முடித்துவிட்டு ரத்தம் எடுக்கலாமே.

உடலியல்காரன்
எடுக்கலாம். ஆனால் மேடையே ஏற்றிவிட்ட ஹார்மோனும் அதில் கலந்திருக்கும். அதை எப்படிக் கழிப்பீர்கள்?

கணக்குப்பிள்ளை
மேடையைப் பார்க்காத ஒரு சிறு கூட்டம் வையுங்கள். இரட்டிப்பு வேண்டாம், நான்கைந்து எலி போதுமா என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன். அந்த அறிக்கையில் இருக்கும் பரவல் அளவுகளை இங்கே போடுங்கள்.