பதினேழு மாதம் விற்காமல் நின்ற வீடு: கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து அனுபவம்

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில் (ஆந்திரத்துச் சித்தூர் அல்ல), கொழிஞ்சாம்பாறைக்கும் வேலந்தாவளத்துக்கும் நடுவே என் தந்தையார் 1988 இல் கட்டிய வீட்டை, அவர் காலமான பின் நாங்கள் மூன்று மக்களும் சேர்ந்து விற்றோம். 2024 பொங்கல் கழிந்து தரகரிடம் சொன்னோம். 2025 ஜூன் மாதத்தில்தான் பத்திரம் பதிவாயிற்று. இந்த வட்டாரத்தில் வாங்குவோர் குறைவு, விற்போர் மிகுதி. பிள்ளைகள் கோவையிலோ வெளிநாட்டிலோ தங்கிவிட, பூட்டிக் கிடக்கும் வீடுகள் தெருவுக்கு இரண்டு இருக்கின்றன. அப்படிப்பட்ட சந்தையில் வீட்டை எப்படித் தயார் செய்து காட்டுவது என்பதில் நாங்கள் முதலில் செய்தது பெரும்பாலும் தவறு. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தரகர் வந்து பார்த்தவுடன் சொன்னது ஒன்றே: பெயிண்ட் அடித்து, வாசலில் நான்கு பூந்தொட்டி வைத்தால் போதும். நாங்களும் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் செலவிட்டு உள்ளும் புறமும் வண்ணம் பூசினோம். தெற்கு அறைச் சன்னலின் மேல்மூலையிலிருந்து உத்தரத்தை நோக்கிச் சாய்வாக ஓடிய ஒரு விரிசலைப் பெயிண்டர் பட்டி வைத்து மூடினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மார்ச் மாத வெயில் ஏறியதும், புது வண்ணத்தின் மேல் தலைமயிர் ஒட்டியது போல ஒரு கோடு தோன்றியது. அந்த வாரமே பொள்ளாச்சியிலிருந்து வீடு பார்க்க வந்த பெரியவர் ஒருவர், எதுவும் பேசாமல் அந்தக் கோட்டின் மேல் பெருவிரல் நகத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். பட்டி பொடியாக உதிர்ந்து சன்னல் திட்டின் மேல் விழுந்தது. "மூடி வெச்சிருக்கறீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். விலையைக்கூட அவர் கேட்கவில்லை.

வீட்டில் விரிசல் இருந்தது அவரை விரட்டவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்றை மறைத்தவர்கள் இன்னும் எதையெல்லாம் மறைத்திருப்பார்களோ என்ற ஐயமே அவரை விரட்டியது. வாங்குவோர் நெருக்கியடிக்கும் காலத்தில் இத்தகைய ஐயத்தை விழுங்கிக்கொண்டு முன்பணம் கொடுப்பவர்கள் உண்டு. பத்து வீடு பார்க்க வாய்ப்புள்ளவர் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

அதன் பின் ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்துக் காட்டினோம். எங்கள் பக்கம் கரிசல் மண். கேரளத்தில் வேறெங்கும் காண்பதற்கு அரிதான மண் இது. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கும். அடித்தளம் ஒருபுறம் ஈரமும் மறுபுறம் காய்ச்சலுமாக இருந்தால் சன்னல் மூலைகளில் சாய்வு விரிசல் விழும் என்று அவர் விளக்கினார். எங்கள் வீட்டில் சமையலறைக் கழிவுநீர் தெற்குச் சுவரோரமே இறங்கிக்கொண்டிருந்தது. மாடித் தண்ணீரும் அதே இடத்தில் விழுந்தது. கழிவுநீரைக் குழாய் வழியே இருபது அடி தள்ளி விட்டு, வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குச் சரிவான சிமெண்டு நடைமேடை போட்டு, கூரை நீரை வாய்க்காலுக்குத் திருப்பினோம். இதற்கு அறுபத்தெட்டாயிரம் ஆயிற்று. விரிசலை மட்டும் மூட வேண்டாம் என்றார். அதன் இரு முனைகளிலும் பென்சிலால் குறுக்குக்கோடு போட்டு அருகில் தேதி எழுதினார்: 20.4.2024. ஒரு மழையும் ஒரு வெயிலும் பார்த்துவிட்டு மூடலாம் என்பது அவர் சொன்னது. தரகருக்கு இது கட்டோடு பிடிக்கவில்லை. விற்கப் போகும் வீட்டில் விரிசலைத் திறந்து வைத்து, போதாததற்குத் தேதியும் எழுதி வைப்பார்களா என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான், என்னிடமும் அன்று அதற்கு விடை இல்லை.

அடுத்தது வாடை. வந்தவர்கள் எல்லோரும் உள்ளே நுழைந்ததும் மூக்கைச் சுளிப்பார்கள். எலி செத்திருக்கும் என்று பரண் முழுவதையும் இறக்கித் தேடினோம். கடைசியில் ஒரு பிளம்பர் வந்து, குளியலறைத் தரைவடிகாலில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு இனி வராது என்றார். ஆளில்லாத வீட்டில் வடிகால் வளைவில் நிற்கும் நீர் வற்றிவிடுமாம். நீர் வற்றினால் கழிவுத் தொட்டியின் காற்று நேரே வீட்டுக்குள் ஏறுமாம். அன்று முதல் எதிர்வீட்டு அக்கா வாரம் ஒரு முறை மூன்று வடிகாலிலும் தண்ணீர் ஊற்றி உதவினார். அதோடு வாடை நின்றது. இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

பொருள்களை அகற்றுவதில்தான் மனத்தாங்கல் வந்தது. கூடத்தில் மூன்று இரும்பு பீரோக்கள், சுவரில் பதினொரு நாள்காட்டி ஆணிகள், மாலையிட்ட படங்கள் நான்கு. இழவு வீட்டுக்குள் நுழைவது போல இருக்கிறது என்று பார்க்க வந்த ஓர் அம்மையார் தம் மகளிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. படங்களைக் கழற்ற என் தங்கை உடன்படவே இல்லை; அவற்றைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொள்வதாகச் சொல்லித்தான் கடைசியில் இறக்கினாள். பீரோக்களை அகற்றியபோது பின்னால் இரண்டு சன்னல்கள் இருந்தன. முப்பது ஆண்டுகளாக அவற்றை யாரும் திறந்ததில்லை. எங்கள் கணவாய்க் காற்றின் அருமை பாலக்காட்டாருக்குத் தெரியும். மார்கழியில் கிழக்குச் சன்னலையும் மேற்குச் சன்னலையும் திறந்து வைத்தால் கூடத்தில் செய்தித்தாள் நிற்காது. அதன் பிறகு யார் வந்தாலும் அவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே எல்லாச் சன்னல்களையும் திறந்துவிடுவோம். வாடகைக்குச் சோபா கொண்டுவந்து போடலாம் என்று தரகர் சொன்ன யோசனையை மறுத்தோம். கயிற்றுக் கட்டில் ஒன்று, அப்பாவின் ஊஞ்சல், துடைத்துப் பளபளப்பாக்கிய சிவப்பு ஆக்ஸைடு தரை ஆகியவை போதுமாக இருந்தன.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். சித்தூர்ப் பகுதியில் நிலத்தடி நீர் மிகுதியாக எடுக்கப்படுவது ஊரறிந்தது. கிழக்குப் பகுதிக் கிணறுகள் சிலவற்றில் ஃபுளோரைடு மிகுதி என்பதும் தெரிந்ததே. நாங்கள் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதிக்கக் கொடுத்தோம். லிட்டருக்கு 0.9 மில்லிகிராம் என்று வந்தது. இந்தியத் தர நிர்ணயத்தின் விரும்பத்தக்க அளவு 1.0, உச்ச அளவு 1.5. அறிக்கையை அப்படியே கோப்பில் வைத்தோம். பங்குனி, சித்திரையில் வீடு காட்டாதீர்கள் என்று சிலர் சொல்வார்கள். எங்களுக்கு நேர்மாறான அனுபவம். சித்திரை வெயிலில் மோட்டாரைப் போட்டு நாற்பது நிமிடம் விடாமல் ஓடவிட்டுக் காட்டினோம்; ஆடியில் காட்டியிருந்தால் அதற்கு மதிப்பே இருந்திருக்காது.

கோப்பு என்றேனே, அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுப் பக்கத்தவர்கள். கேரளத்து ஆவணங்கள் அவர்களுக்குப் பழக்கமில்லை. ஆதாரத்தில் (கேரளத்தில் பத்திரத்தை அப்படித்தான் சொல்வார்கள்) நிலத்தின் அளவு 4.86 ஆர் என்று இருக்கும், அவர்கள் விழிப்பார்கள். அது 12 சென்ட், ஏறத்தாழ 5,227 சதுர அடி என்று ஒரு தாளில் எழுதி முதற்பக்கமாக வைத்தோம். அதன் கீழே முன்னாதாரம் (முந்தைய பத்திரம்), வில்லங்கச் சான்று, நடப்பாண்டு நிலவரி ரசீது, கைவசச் சான்று, பஞ்சாயத்துக் கட்டட வரி ரசீது, வாரிசுச் சான்று ஆகியவை. கேரளத்தில் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, வருவாய்ப் பதிவேட்டில் இடம் 'நிலம்' என்று இருக்கிறதா, 'புரயிடம்' என்று இருக்கிறதா என்பதே. 'நிலம்' என்றால் வயல். 2008 ஆம் ஆண்டின் நெல்வயல் பாதுகாப்புச் சட்டம் அதன் மேல் பாயும். எங்களுடையது புரயிடம். கேட்பதற்கு முன்பே அதைக் காட்டிவிடுவோம். செலவுக் கணக்கையும் மறைக்கவில்லை. தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. கேரளத்தில் 8 விழுக்காடும் 2 விழுக்காடும். அந்த ஒரு விழுக்காட்டைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு முறைத்துக்கொண்டவர் ஒருவர் முன்பு இருந்தார்.

2025 மே மாதத்தில் உடுமலையிலிருந்து தேங்காய் வணிகம் செய்யும் ஒரு தம்பதியர் வந்தார்கள். அந்த அம்மையார் நேரே தெற்கு அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இதென்ன தேதி?" என்று கேட்டார். அதற்குள் நான்கு தேதிகள் சேர்ந்திருந்தன: 2024 ஏப்ரல், ஜூலை, நவம்பர், 2025 மார்ச். விரிசலின் முனை முதல் கோட்டைத் தாண்டவே இல்லை. முதல் கோடையில் ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு நுழைந்த இடத்தில் இரண்டாம் கோடையில் நுழையவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னேன், கழிவுநீர்க் குழாயையும் நடைமேடையையும் காட்டினேன். அவர் தம் கணவரைக் கூப்பிட்டு நாணயம் ஒன்றை வாங்கித் தாமே விரிசலில் வைத்துப் பார்த்தார். இரண்டாம் முறை வந்தபோது முன்பணத்தோடு வந்தார்கள்.

*

மார்த்தாண்டத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

அண்ணாச்சி, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் மண் அல்ல, மழையே பகை. இடவப்பாதியும் (தென்மேற்குப் பருவமழை) ஐப்பசி மழையுமாக ஆண்டில் இரண்டு முறை சுவர் நனைகிறது. சுண்ணாம்புச் சாந்து பூசிய பழைய ஓட்டு வீட்டை விற்பதற்காகப் பட்டி வைத்துப் பளபளக்கும் பெயிண்ட் அடித்தோம். சுவருக்குள் இருந்த ஈரம் வெளியேற வழியின்றி, மூன்றே மாதத்தில் உப்புப் பூத்து அப்பளம் போலக் கொப்பளித்தது. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, காயவிட்டு, மறுபடி சுண்ணாம்பே அடித்தோம். சுண்ணாம்பு வெளுப்பில் வீடு எளிமையாகத் தெரிந்தாலும் கறை விழவில்லை.

இன்னொன்று, காலம். வளைகுடாவில் இருப்பவர்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில் ஊருக்கு வருகிறார்கள். அது சரியாக ஆடியில், மலையாளத்தாரின் கர்க்கடகத்தில் விழுகிறது. ஆடியில் யாரும் முன்பணம் கொடுக்க மாட்டார்கள் என்று பலர் வீட்டைக் காட்டவே மாட்டார்கள். நாங்கள் ஆடியில் காட்டி, பேசி முடித்து, ஆவணி பிறந்த அன்றே முன்பணம் வாங்கினோம். வாங்கியவரின் தம்பி சவூதியில் இருக்கிறார். அவருக்கு விடுமுறை என்பதால் வெள்ளிக்கிழமைகளில் காணொளி அழைப்பில் கழிவறை வரை காட்டினோம்.

*

நகரியிலிருந்து ஓர் உறுப்பினர்:

எங்களுடையது விசைத்தறி ஓடிய வீடு. தறிகளை விற்ற பின் தரையில் போல்ட்டுக் குழிகளும் எண்ணெய்க் கறையும் எஞ்சின. அந்த அறையை வரவேற்பறையாக மாற்றிக் காட்டலாம் என்று வீண் செலவு செய்தோம். திருத்தணியிலிருந்து வந்தவர்கள் யாரும் மயங்கவில்லை. பிறகு உண்மையைச் சொல்லி, மும்முனை மின் இணைப்போடு தொழிற்கூடமாகவே காட்டினோம். தையல் தொழில் செய்யும் ஒருவர் வாங்கினார்.

ஐயா, ஒரு கேள்வி. நீங்கள் மூவர் விற்பவர்கள் அல்லவா? ஆளுக்கு ஐம்பது லட்சத்துக்குள் பங்கு வந்தால் வருமான வரிப் பிடித்தம் இல்லை என்கிறார்களே, அது சரியா? விரிசலையும் இப்போது மூடிவிட்டார்களா?

*

கொழிஞ்சாம்பாறைக்காரரின் மறுமொழி:

அந்தக் கணக்கு இப்போது செல்லாது, ஐயா. 2024 அக்டோபர் முதல் விற்பவர், வாங்குபவர் எத்தனை பேர் ஆனாலும் மொத்தத் தொகையைத்தான் பார்க்கிறார்கள். நாங்கள் 64 லட்சம் கேட்டு 52 லட்சத்து 50 ஆயிரத்துக்கு முடித்தோம். அதில் ஒரு விழுக்காடாக 52,500 ரூபாயை வாங்கியவர்கள் பிடித்துக் கட்டினார்கள். கேட்ட விலைக்கும் கிடைத்த விலைக்கும் இருந்த இடைவெளியில் பாதி எங்கள் பேராசை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

விரிசலை மூடவில்லை. வீடு முழுவதும் அவர்கள் விருப்பப்படி வண்ணம் மாற்றியாயிற்று. தெற்கு அறையின் அந்த ஒரு சுவரை மட்டும் பெயிண்டரைத் தொடவிடவில்லையாம். போன மாதம் கூப்பிட்டு, ஐந்தாவது தேதியைப் பென்சிலில் எழுதுவதா, பேனாவில் எழுதுவதா என்று அந்த அம்மையார் கேட்டார்.