மறுமொழி: ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

வணக்கம். ரிலாப்சிங் பாலிகாண்ட்ரைட்டிஸ் என்பது காது, மூக்கு, மூச்சுக்குழாய் போன்ற இடங்களின் குருத்தெலும்பு திரும்பத் திரும்ப அழற்சியடையும் நோய். அதற்கு நீங்கள் முன்வைத்த பெயர்களுக்கு என் பதில் இது.

> மீள் பல்குருத்தெலும்பழற்சி என்று வைத்துக்கொள்ளலாமா?

‘குருத்தெலும்பழற்சி’ சரிதான், ஐயா. இலங்கைப் பாடநூல்களில் குருத்தெலும்பைக் கசியிழையம் என்பார்கள். அடைப்புக்குறியில் அதையும் போட்டுவிடலாம். எனக்கு இடிப்பது ‘மீள்’. நோயிலிருந்து மீண்டார் என்றால் குணமானார் என்றுதானே அர்த்தம்? இது அடங்கும், பிறகு திரும்ப வரும். ‘பல்’லும் வேண்டாம், பல் மருத்துவரிடம் போய் நிற்பார்கள். விட்டுவிட்டு வரும் காய்ச்சல் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம்; ‘விட்டுவிட்டு வரும் குருத்தெலும்பழற்சி’ என்றாலே புரியும். நீளம்தான், இருக்கட்டும்.

காது மடல் சிவந்து வீங்கும், ஆனால் தோடு குத்தும் இடம் தப்பிவிடும், அங்கே குருத்தெலும்பு இல்லை. மூக்குத்தண்டு உள்வாங்கலாம். மூச்சுக்குழாயின் வளையங்கள் தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இத்தனையையும் சரியாகக் காட்டுவது குருத்தெலும்பு என்ற சொல்தான்.

> ரத்த நோயோடு வருவதால் ‘குருதிசார் இணைப்புத்திசு நோய்’ எனலாமே?

இதை ஏற்க முடியவில்லை. இந்த அழற்சி உள்ள பலருக்கு ரத்த நோய் எதுவும் கிடையாது. இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு 2020இல் தனிப் பெயரே வந்துவிட்டது: வெக்சாஸ். பெரும்பாலும் 50 வயது தாண்டிய ஆண்கள். எக்ஸ் குரோமோசோமில் உள்ள யூபிஏ1 மரபணு, எலும்பு மஜ்ஜையின் ரத்தக் குருத்தணுக்களில் (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல அணுக்களில்) பிற்காலத்தில் மாறிவிடுகிறது. பரம்பரையாக வருவதில்லை. ரத்தசோகை, காய்ச்சல், தோல் தடிப்பு, கூடவே காது வீக்கம்.

பெயரைப் பிரித்து வைக்கச் சொல்வது சிகிச்சைக்காகத்தான். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு, வெக்சாஸ் உள்ளவர், இல்லாதவர் இருவருக்கும் வீக்கத்தைக் குறைக்கும். வெக்சாஸில் மருந்தின் அளவைக் குறைத்ததுமே நோய் பெரும்பாலும் தலைதூக்கும். வருடக்கணக்கில் ஸ்டீராய்டு தின்றால் எலும்பும் சர்க்கரையும் என்ன ஆகும் என்று தெரியும். அதனால் மஜ்ஜையையே குறிவைக்கும் அசாசிடிடின், அழற்சியை அடக்கும் ரக்ஸோலிடினிப் போன்றவற்றைப் பார்க்கிறார்கள். வேரோடு பிடுங்கும் வாய்ப்புள்ளது பிறரிடமிருந்து பெறும் ரத்தக் குருத்தணு மாற்று ஒன்றுதான். அந்த வயதில் எல்லாருக்கும் அது தாங்காது. காதைக் காட்ட வந்தவரின் ரத்த அறிக்கையில் சிவப்பணுக்கள் பெருத்திருந்தால் மருத்துவர் வெக்சாஸை யோசிக்க வேண்டும். இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் அந்த யோசனை எப்படி வரும்?

வெக்சாஸ் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் ஆன பெயர், அப்படியே விடலாம். அதன் முதல் எழுத்துக்குரிய வாக்குவோலுக்குத்தான் (அணுவுக்குள் இருக்கும் குமிழ் போன்ற வெற்றிடம்) சொல் வேண்டும்: இங்கே நுண்குமிழ், இலங்கையில் புன்வெற்றிடம். என் ஓட்டு நுண்குமிழுக்கு. மற்றவர்கள் சொல்லுங்கள்.