புதுப்பிப்பு: ஏடாஸுக்குக் கூடுதல் பணம் போட்டேனா?

போன மாதம் கேட்டிருந்தேன்: மின்சார கார் வாங்கும்போதே ஏடாஸ் (தானாகப் பிரேக் அடிப்பது போன்ற ஓட்டுநர் உதவி வசதிகள்) உள்ள மேல் வேரியன்ட்டுக்குப் பணம் போடலாமா, இல்லை கீழ் வேரியன்ட்டை எடுத்துவிட்டு அப்புறம் மேம்படுத்திக்கொள்ளலாமா என்று. பாதிப் பேர் "பொறுங்க, விலை இறங்கும்" என்றீர்கள்.

இறங்குவது உண்மைதான். டெஸ்லாவின் 'முழு' தானோட்டு வசதி அமெரிக்காவில் 2022-இல் 15,000 டாலர். 2024 ஏப்ரலில் 8,000. மாதச் சந்தாவும் 199-இலிருந்து 99 ஆனது. முதலிலேயே கொடுத்தவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும். (பெயர்தான் முழு, ஓட்டுநர் கண் சாலையில் இருந்தே ஆக வேண்டும்.)

ஆனால் அது கேமரா எல்லாம் ஏற்கெனவே பொருத்திய வண்டி, பிறகு மென்பொருளை மட்டும் வாங்கினால் போதும். நான் பார்த்த கீழ் வேரியன்ட்டில் குனிந்து பார்த்தால், ரேடார் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக் மூடி. கண்ணாடிக்குப் பின்னால் கேமராவும் இல்லை. "அப்புறம் போட்டுக்கலாம் சார்" என்ற விற்பனைத் தம்பியிடம் எழுதித் தரச் சொன்னேன். டீ வாங்கி வரப் போய்விட்டார்.

சரி, மேல் வேரியன்ட்டே எடுத்தாயிற்று. சென்னை ஓஎம்ஆர் சாலையில் மெட்ரோ தடுப்புகளுக்கு நடுவே கோடே தெரியாத இடங்களில், வண்டியைத் தடத்துக்குள் வைத்திருக்கும் லேன் அசிஸ்ட் சும்மா கிடக்கிறது. ஷேர் ஆட்டோ குறுக்கே நுழைந்தால் வண்டி தானாகப் பிரேக் அடிக்கிறது. பின்னால் வருபவரின் திட்டு எனக்கு. செங்கல்பட்டு தாண்டி நெடுஞ்சாலையில் போனால்தான் காசுக்கு மதிப்பு.

யாரும் சொல்லாத செலவு ஒன்று: முன்கண்ணாடி மாற்றினால் கேமராவை மறுபடி அளவிட்டுச் சரிசெய்ய வேண்டும். இன்சூரன்ஸில் அது வருமா என்று கேட்டிருக்கிறேன்.