மீதி 90 சதவீத எனர்ஜி எங்க போகுது? (உணவுச்சங்கிலி சந்தேகம்)

நிலாஅம்மா
எல்லாருக்கும் வணக்கம். பொண்ணு ப்ளஸ் டூ படிக்கிறா, நேத்து ராத்திரி புக்க எடுத்துட்டு வந்து ஒரு கேள்வி கேட்டா, எனக்கு பதில் சொல்ல தெரியல. புல்லு, மான், புலின்னு போட்டு ஒவ்வொரு படியிலயும் 10 சதவீதம்தான் மேல போகும்னு இருக்கு. "மீதி 90 எங்கம்மா போச்சு, ஆற்றல அழிக்க முடியாதுன்னு பிசிக்ஸ்ல சொல்றாங்களே"ங்கிறா. வெப்பமா போயிடும்னு சொன்னேன், அவளுக்கு அது பத்தல, எனக்கும் பத்தல. கொஞ்சம் புரியிற மாதிரி யாராவது சொல்லுங்களேன்.

காட்டுப்பாதை
அக்கா, பொண்ணு சரியாத்தான் கேட்டிருக்கு. அந்த 90 அப்படியே ஒரே இடத்துக்கு போறதில்ல. மொதல்ல, இருக்கிற புல்லு எல்லாத்தையும் மான் திங்கிறதில்ல, பாதி காஞ்சு அங்கயே மக்கிடும். தின்னதும் முழுசா செரிக்காது. முதுமலை பக்கம் போனா யானை சாணிய ஒரு குச்சியால கிளறி பாருங்க, மூங்கில் நாரு, பட்டை, விதைன்னு அப்படி அப்படியே இருக்கும், யானை திங்கிறதுல பாதிக்கு மேல இப்படித்தான் வெளிய வந்துடுது, அத தின்ன வண்டு கூட்டமா வந்து நிக்கும். செரிச்சது மட்டும்தான் ஒடம்புக்கு, அதுலயும் பெரும்பங்கு ஓடவும் மூச்சு விடவும் ஒடம்பு சூட்ட வச்சுக்கவும் எரிஞ்சு வெப்பமா போயிடும். மிச்சம் நிக்கிறதுதான் சதை. புலிக்கு கிடைக்கிறது அந்த சதை மட்டும்தான்.

அழியல, ஆனா அந்த வெப்பத்த வச்சு எந்த செடியும் மறுபடி சாப்பாடு பண்ண முடியாது, அதான் விஷயம். சத்து மண்ணுக்கு திரும்பி வரும், ஆற்றல் திரும்பாது, தினமும் சூரியன் புதுசா குடுத்தாத்தான் உண்டு. ஒரு புலி வருஷத்துக்கு சுமார் 50 மிருகம் அடிக்குது, வாரத்துக்கு ஒண்ணு. கூட்டம் குறையாம அத குடுக்கணும்னா 500 மான், காட்டெருமை மாதிரி மேயுற மிருகம் அந்த புலிக்கு இருக்கணும். (இது அந்த 10 சதவீத விதி இல்ல, பொண்ண கொழப்பிட வேணாம்.)

பழைய வாத்தியார்
தம்பி நல்லா சொல்லிட்டாரு. நான் ஒண்ணு சேக்குறேன்மா, அந்த 10ங்கிறது சராசரி, கல்லுல எழுதின கணக்கு இல்ல. 1942ல லிண்டமன்னு ஒரு அமெரிக்கர் மின்னசோட்டால ஒரு சின்ன ஏரிய வச்சு இந்த ஆற்றல் கணக்க எழுதினாரு, கட்டுரை அச்சுல வர்றதுக்குள்ள 26 வயசுல போய் சேந்துட்டாரு பாவம். அப்புறம் ஓடம்னு ஒருத்தர் ஃபுளோரிடாவுல சில்வர் ஸ்பிரிங்ஸ் ஊத்துல அளந்து 1957ல வெளியிட்டாரு. ஒரு சதுர மீட்டருக்கு வருஷத்துக்கு செடிங்க புடிச்சது 20,810 கிலோகலோரி, அதுவே விழுந்த வெயில்ல ஒரு சதவீதம் சொச்சம்தான். செடி திங்கிறதுங்களுக்கு போனது 3,368, அதத் திங்கிறதுங்களுக்கு 383, உச்சியில 21. வகுத்து பாக்கச் சொல்லுங்க, 16, 11, அப்புறம் 5 சொச்சம்னு வரும், எங்கயும் சரியா 10 வராது. அதே ஊத்துல மக்க வைக்கிற கிருமிங்க வழியா போனது 5,060, செடி திங்கிறத விட அதிகம். நம்ம புக்குல மட்குப்பொருள் உணவுச்சங்கிலின்னு ரெண்டே வரியில முடிச்சிடுறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம்.

கிள்ளைக்காரன்
வாத்தியார் சொன்னத எங்க பிச்சாவரத்துல கண்ணால பாக்கலாம். சுரபுன்னை எலை பச்சையா இருக்கிறப்ப அத திங்க பெருசா ஆளில்ல, மஞ்சளாகி தண்ணில விழுந்து கறுத்து வழவழன்னு ஆகும்ல, அப்பதான் அதுக்கு மவுசு. அந்த வழவழப்பு பூரா கிருமியும் பூஞ்சையும். நண்டு, இறால், மடவை எல்லாம் அதுலதான் பொழைக்குது. மடவைய அறுத்து பாத்தா வயித்துல சேறுதான் இருக்கும், சேத்துல இருக்கிற அந்த மக்குதான் அதுக்கு சோறு. அந்த மடவைய கொடுவா முழுங்குது, கொடுவாவ நாங்க புடிக்கிறோம். கொடுவா எப்பவுமே மடவைய விட கம்மியாத்தான் மாட்டும், ஏன்னு இப்ப புரியுதுல்ல.

நிலாஅம்மா
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, மூணு பதிலையும் அவளுக்கு படிச்சு காட்டினேன், உடனே கால்குலேட்டர எடுத்துட்டா. இப்ப கேக்குறா, அப்படின்னா மீன் பண்ணையில எந்த மீன் வளத்தா லாபம்னு.

குளத்துமேடு
கெட்டிக்கார புள்ளைங்க. குளத்துல கட்லா, ரோகு, மிர்கால் சேத்து விடுறது அதுக்குத்தான், கட்லா மேல மெதக்குற நுண்ணுயிர திங்கும், ரோகு நடுவுல பாசி, எலை தழைன்னு மேயும், மிர்கால் அடியில கெடக்குற மக்க தின்னுக்கும். சாணி போட்டு தண்ணிய பச்சையாக்கி விட்டா பாதி தீனி குளமே குடுத்துடும், சங்கிலி அவ்ளோ குட்டை. மீனுக்கு ஒடம்ப சூடா வச்சுக்கிற செலவும் கெடையாது. விரால் வளக்கிறவங்க பாடு வேற, அது கறி திங்கிற மீனு, குட்டி மீனு போடணும் இல்லன்னா வெல கூடுன தீனி வாங்கணும். ஞாயித்துக்கெழம பொண்ண மீன் மார்க்கெட்டுக்கு கூட்டிட்டு போங்க, ரோகு கிலோ என்ன, விரால் கிலோ என்னன்னு அவளையே கேக்கச் சொல்லுங்க.