குப்பை எடுக்கும் முறையை மாற்றப் போகிறார்கள்: உங்கள் வீட்டு அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேலத்தெரு:

எங்கள் நகராட்சியில் குப்பை எடுக்கும் முறையை மாற்றுவதாக இருக்கிறார்கள். மக்கும் குப்பை தினமும், மக்காதது புதன்கிழமை மட்டும். பகுதி சபாக் கூட்டத்தில் கருத்து கேட்கப் போகிறார்களாம். போய்ப் பேச வேண்டும் என்றுதான் இருக்கிறேன், ஆனால் என்ன பேசுவது என்று யோசித்தாலே ஒரு காலை நேரம்தான் கண்முன் வந்து நிற்கிறது. மாமனாருக்கு தினம் இரண்டு வேளை இன்சுலின். போட்ட ஊசியைக் காய்கறித் தோலோடு கேரி பேக்கில் கட்டிப் போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். யாரும் தப்பென்று சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. அன்றைக்கு வண்டியோடு வரும் அக்கா (நாலு வருஷமாக எங்கள் தெருவுக்கு அவர்தான்) பையை வாங்காமல் கேட்டுக்கு வெளியே நின்றார். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.

"நேத்து உங்க பையில இருந்த ஊசி குத்திருச்சும்மா. அது யாருக்குப் போட்டது? அவங்களுக்கு சர்க்கரை மட்டும்தானா, வேற ஏதும் இருக்கா?"

கோபமாகக் கேட்டிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமனார் காதில் விழுந்துவிடக் கூடாது என்று குரலைத் தணித்துக் கேட்டார். சர்க்கரை மட்டும்தான்க்கா என்றேன். தலையாட்டிவிட்டு, அன்றைய பையையும் வாங்கிக்கொண்டு போனார். எட்டு மாதம் ஆகிறது.

இரண்டு வாளி:

நீங்கள் பிரிக்கவில்லை. நாங்கள் பிரித்தோம், எங்கள் கதையைக் கேளுங்கள். நகராட்சி கொடுத்த பச்சை வாளி, நீல வாளி இரண்டையும் ஒழுங்காக வைத்திருக்கிறோம். என் மனைவி பால் கவரைக்கூடக் கழுவி, கொடியில் காயவைத்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நீலத்தில் போடுவாள். மூன்று வருஷமாக. போன தை மாதம் தெருமுனைக் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். குப்பை வண்டி அங்கேதான் நின்றது. நடுவில் இருக்கும் தடுப்பைக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டு, பச்சை நீலம் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டி, மேலே ஏறி மிதித்து அமுக்கிக்கொண்டிருந்தார்கள். சாம்பார் சோற்றுக்கு நடுவில் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு தெரிந்தது.

அதை நான் வீட்டில் சொல்லவில்லை. அவள் இன்னும் கழுவிக் காயவைக்கிறாள், நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இந்த லட்சணத்தில் புதன்கிழமை முறை வந்து என்ன ஆகிவிடப் போகிறது?

காவிரிக்கரை:

இரண்டு வாளி, உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் மிதித்தவர்களைக் குறை சொல்வதுபோல் முடித்துவிட்டீர்கள். என் அம்மா தூய்மைப் பணியாளர். ஒப்பந்தத்தில்தான் வேலை. பேட்டரி வண்டியில் பாதி மக்கும் குப்பைக்கு, பாதி மக்காததுக்கு. அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக்கும் எடை இல்லாவிட்டாலும் இடத்தை அடைக்கும். இரண்டாவது தெரு முடிவதற்குள் அந்தப் பாதி நிரம்பிவிடும், மீதித் தெருக்கள் காத்திருக்கும், மேஸ்திரி போன் செய்துகொண்டே இருப்பார். போய்க் கொட்டிவிட்டு வர நேரமும் இல்லை, சார்ஜும் நிற்காது. தடுப்பைக் கழற்றாமல் என்ன செய்வார்கள்? மக்காததை ஒரே நாளில் தனியாக எடுத்தால் இந்தச் சிக்கல் பாதி தீரும். அதனால் புதன்கிழமை முறைக்கு நான் ஆதரவு.

கலந்ததை அப்புறம் உரக்கிடங்கில் கையால்தான் பிரிக்கிறார்கள். அட்டை நனைந்துவிட்டால் விலை போகாது. எங்கள் ஊரில் அந்தக் காசு அவர்களுக்கே பிரித்துக் கொடுப்பது, அதுவும் போகிறது. நாப்கின், டயப்பரை நன்றாகச் சுற்றிக் கொடுக்க வேண்டும் என்று 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இருந்தது. எத்தனை வீட்டில் செய்கிறோம்? எங்களுக்குச் சின்ன வயதில் அம்மா சோற்றைப் பிசைந்து உருட்டிக் கையில் வைப்பார். போன மாதம் என் தங்கை, குழந்தைக்கு ஊட்டும்மா என்று தட்டைக் கொடுத்தாள். அம்மா எழுந்துபோய் ஸ்பூன் எடுத்து வந்தார். நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை.

மொட்டைமாடித் தோட்டம்:

2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு எரிந்தபோது பள்ளிக்கரணைப் பக்கம் குடியிருந்தோம். கதவிடுக்கில் ஈரத்துண்டைச் செருகிவிட்டு மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், நாள் கணக்கில் புகை. எரிந்ததில் என் வீட்டுக் குப்பையும் இருந்தது என்பதுதான் அன்றைக்கு உறைத்தது.

முதலில் மேலத்தெருவுக்கு. ஊசி குத்தினால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது. நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தாக வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மஞ்சள் காமாலை பி வகைத் தடுப்பூசி பற்றியும் கேட்கச் சொல்லுங்கள். இதை அந்த அக்காவிடம் யாராவது முன்பே சொல்லியிருந்தார்களா?

அடுத்து, மக்கும் குப்பையை வீட்டை விட்டு வெளியே அனுப்பாதீர்கள். குப்பைமேட்டுக்குள் காற்றில்லாமல் அழுகும்போதுதான் மீத்தேன் உண்டாகிறது, தீப்பிடித்தால் எளிதில் அணையாததற்கு அது ஒரு காரணம். ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம், சுற்றிலும் ஓட்டை, அடியில் காய்ந்த இலை அல்லது தென்னை நார்க்கழிவு. ஒரு கை காய்கறித் தோல் போட்டால் அதன்மேல் இரண்டு கை காய்ந்த சருகு. வாரம் ஒருமுறை கிளறி, கொஞ்சம் புளித்த மோர் தெளியுங்கள். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம், சருகு போடுங்கள். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள். புழு வந்தாலும் பயப்பட வேண்டாம், அதுவும் மக்க வைக்கத்தான் உதவும். மீன், கறி ஆரம்பத்தில் வேண்டாம். எலுமிச்சைத் தோலைக் கொஞ்சமாகப் போடுங்கள். இரண்டு மாதத்தில் மண்வாசனை வரும். சலித்துச் செடிக்குப் போடலாம், சலித்த கசடை அடுத்த டிரம்முக்கு உறை மோர் மாதிரி போட்டால் சீக்கிரம் மக்கும். வாடகை வீடென்றால் மண்பானை போதும்.

காலை ஷிப்ட்:

மேலே இருப்பவர் நல்லதுதான் சொல்கிறார், ஆனால் ஒற்றை அறையில் இருக்கும் என்னிடம் மொட்டைமாடியும் இல்லை, சருகும் இல்லை. எனக்கு ஐந்தரைக்கு கம்பெனி பஸ். வண்டி வருவது எட்டரைக்கு. தெருத்தொட்டியை எடுத்துவிட்டார்கள், வீடு வீடாக வருகிறோமே, இனி தொட்டி எதற்கு என்று. மூன்று நாள் குப்பை நாற ஆரம்பித்ததும் இருட்டோடு எடுத்துக்கொண்டு போனேன். முன்பு எல்லோரும் குப்பை போடும் முனை ஒன்று உண்டு, அங்கே யாரும் போடக் கூடாதென்று பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் கோலம் போடுவார். இருட்டில் தெரியவில்லை, பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் கோலமாவு டப்பாவோடு அவர் நிற்பதைப் பார்த்தேன். கோலம் பாதியில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் பையை எடுத்துத் தன் வாசலில் வைத்துக்கொண்டார். பஸ் ஹாரன் அடித்தது, ஓடிவிட்டேன்.

கூட்டத்துக்குப் போகிறவர்கள் நேரத்தைப் பற்றியும் கேளுங்கள். மாலையில் ஒரு நடை வண்டி வந்தால் போதும்.

மேலத்தெரு:

மாலை நடையைக் கட்டாயம் கேட்கிறேன். மொட்டைமாடித் தோட்டம் கேட்டதற்குப் பதில்: அந்த அக்காவிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை, நானும்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போன வாரம்தான் கேட்டேன். மறுநாள் பெரியாஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்தாராம், மூன்று மாதம் கழித்து மறுபடி கொடுத்தாராம், ஒன்றும் இல்லையாம். அந்த இரண்டு நாளும் அரைச் சம்பளம் போயிற்று என்றார்.

இப்போது ஊசியையெல்லாம் கெட்டியான பாட்டிலில் போட்டு மூடி வைக்கிறோம். அந்த 2016 விதிகளிலேயே இது வீட்டு அபாயக் கழிவு, தனியாக வாங்க வேண்டியது என்று இருந்தது. ஆனால் வண்டியில் பச்சைக்கும் நீலத்துக்கும்தான் இடம் இருக்கிறது. அக்காவிடம் பாட்டிலைக் காட்டினேன், "நீங்களே வச்சிருங்கம்மா, இதை எங்க கொடுக்கறதுன்னு எனக்கும் தெரியாது" என்றார். மூன்று பாட்டில் நிறைந்து பரண்மேல் இருக்கிறது. உங்கள் ஊரில் எங்காவது ஊசியைத் தனியாக வாங்குகிறார்களா? எந்தக் கிழமை, யார் வாங்குகிறார்கள் என்று எழுதுங்கள், கூட்டத்தில் காட்டுவதற்கு வேண்டும்.